மொன்ஸ்டெரா டெலிசியோசா

மொன்ஸ்டெரா டெலிசியோசா என்பது சேம்புக் குடும்பத்தைச் (ஏரேசியே) சேர்ந்த, மரங்களில் பற்றிப் படரும் ஒரு வெப்பமண்டலக் கொடி ஆகும். இதன் முதிர்ந்த இலைகள் ஓரங்களில் ஆழமாகப் பிளவுபட்டும், நடு நரம்பை ஒட்டித் துளைகள் கொண்டும் காணப்படுகின்றன. இலையின் இந்த அமைப்புக்காகவே உலகின் பல பகுதிகளில் இது வீட்டுச் செடியாக வளர்க்கப்படுகின்றது. இதன் பச்சை நிற வகை இன்று நாற்றுப் பண்ணைகளில் பரவலாகக் கிடைக்கின்றது. வெள்ளை அல்லது பாலேட்டு நிறத் திட்டுகள் கொண்ட வகைகள் அரியனவாகக் கருதப்படுகின்றன.

ஈரக்காட்டுச் செடியான இதனைத் திருப்பூர் போன்ற வறண்ட, நிலத்தடி நீரில் உப்பு மிகுந்த வட்டாரத்தில் வளர்ப்பதற்குச் சில தனிக் கவனங்கள் தேவைப்படுகின்றன. இச்செடியின் இயல்பும், அவ்வட்டாரத்தின் சூழலுக்கேற்ற பராமரிப்பு முறைகளும் கீழே விளக்கப்படுகின்றன.

பெயர்

மொன்ஸ்டெரா என்னும் பேரினத்தை பிரான்சியத் தாவரவியலாளர் மிசெல் அடான்சன் 1763 இல் விவரித்தார். வழக்கத்துக்கு மாறானது, விந்தையானது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததாகக் கருதப்படுகின்றது. டெலிசியோசா என்பதற்குச் சுவை மிகுந்தது என்பது பொருள். இது பழத்தைக் குறிப்பது. டெலிசியோசா இனத்தை டென்மார்க்கைச் சேர்ந்த பிரெடரிக் லீப்மன் 1849 இல் விவரித்தார். இப்பேரினத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவை அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களின் வெப்பமண்டலப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டவை.

தாவரவியல் விளக்கம்

தென் மெக்சிக்கோவும் அதனை அடுத்த நடு அமெரிக்கப் பகுதியும் இச்செடியின் தாயகம் ஆகும். காட்டில் இது மரத்தண்டுகளைப் பற்றிக்கொண்டு 20 மீட்டர் வரை ஏறக்கூடியது. தண்டின் கணுக்களிலிருந்து தோன்றும் காற்று வேர்களில் சில மரப்பட்டையைப் பற்றிக்கொள்கின்றன. சில நிலத்தை நோக்கி இறங்கி நீரையும் சத்துகளையும் உறிஞ்சுகின்றன. இலைகள் 25 முதல் 90 சென்டிமீட்டர் வரை நீளமாக வளர்கின்றன.

பூங்கொத்து, பாளை போன்ற வெளிர்நிற மடலொன்று சூழ்ந்த தடித்த கதிராக அமைந்துள்ளது. காய் சோளக்கதிரை ஒத்தது. ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளம் கொண்டது. இது பழுக்க ஓராண்டு அல்லது அதற்கும் மேலாகின்றது. பழுக்கும்போது அறுகோணச் செதில்கள் தாமாகவே உதிர்ந்து உள்ளிருக்கும் சதை வெளிப்படுகின்றது. இதன் சுவை அன்னாசியும் வாழையும் கலந்தது போன்றது எனக் கூறப்படுகின்றது. அத்திலாந்திக் பெருங்கடலில் உள்ள மதீரா தீவில் இப்பழம் சந்தைகளில் விற்கப்படுகின்றது. வீட்டினுள் வளரும் செடிகள் பூப்பதும் காய்ப்பதும் மிக அரிது.

நச்சுத்தன்மை

இலை, தண்டு, பழுக்காத காய் ஆகியவற்றில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்கள் உள்ளன. சேம்பு, கருணைக்கிழங்கு ஆகியவற்றைச் சரியாக வேகவைக்காமல் உண்டால் நாக்கும் தொண்டையும் அரிப்பதற்கும் இவ்வகைப் படிகங்களே காரணம். மொன்ஸ்டெராவை மென்றால் வாயில் எரிச்சலும் வீக்கமும் உண்டாகும். ஆகவே குழந்தைகளுக்கும், பூனை, நாய் போன்ற வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாத இடத்தில் இதனை வைக்க வேண்டும். வெட்டும்போது கையுறை அணிவது நல்லது.

இலைப் பிளவு உருவாகும் விதம்

இலை விரிந்த பின் கிழிவதால் பிளவுகள் உண்டாவதில்லை. இலை மொட்டுக்குள் மிகச் சிறியதாக இருக்கும் நிலையிலேயே, குறிப்பிட்ட இடங்களில் உள்ள உயிரணுக்கள் திட்டமிட்ட முறையில் இறந்துவிடுகின்றன. இந்நிகழ்வைத் திட்டமிட்ட உயிரணு இறப்பு என்பர். குண்டூசி முனை அளவிலான அந்த இடம், இலை பெரிதாகும்போது தானும் பெரிதாகித் துளையாகின்றது. மொன்ஸ்டெரா ஒப்லிக்குவா என்னும் நெருங்கிய இனத்தில் இது நடைபெறும் விதத்தை அருணிகா குணவர்தன உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2005 இல் வெளியிட்டனர். டெலிசியோசாவில் ஓரத்துக்கு அருகில் தோன்றும் துளைகளின் வெளி விளிம்பு அறுபடுவதால் அவை பிளவுகளாகத் தோற்றமளிக்கின்றன.

பிளவுகளின் பயன் குறித்துப் பல கருத்துகள் உள்ளன. பலத்த காற்றில் இலை கிழியாமல் இருக்க அவை உதவுகின்றன என்பது பழைய கருத்து. கிறிஸ்டோபர் மியூர் 2013 இல் வெளியிட்ட ஆய்வில் வேறொரு விளக்கம் முன்வைக்கப்பட்டது. அடர்ந்த காட்டின் அடித்தளத்தில் வெயில் சிறுசிறு புள்ளிகளாக, நிலையில்லாமல் விழுகின்றது. ஒரே அளவு பச்சைத் திசுவைத் துளைகளுடன் பெரிய பரப்பில் விரித்து வைத்தால், கிடைக்கும் மொத்த ஒளி கூடுவதில்லை. ஆனால் ஒரு நாளுக்கும் மறு நாளுக்கும் இடையிலான ஏற்ற இறக்கம் குறைகின்றது. நிலையான வருமானம் உள்ள செடி பிழைத்திருக்கும் வாய்ப்பு மிகுதி என்பது இவ்விளக்கத்தின் சாரம்.

வளர்ப்போர் இதிலிருந்து அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிளவு இல்லாமல் விரிந்துவிட்ட இலை பின்னர் ஒருபோதும் பிளவுபடாது. இன்று அளிக்கப்படும் ஒளி, நீர், தாங்குகோல் ஆகியவற்றின் பலன் இனிவரும் இலைகளில்தான் தெரியும். இளஞ்செடிகளின் முதல் இலைகள் முழுமையான இதய வடிவில் இருப்பது இயல்பே. அது நோயின் அறிகுறி அன்று.

இதே போன்ற மாற்றத்தைப் பலரும் அறிந்த மணி பிளான்ட் செடியிலும் காணலாம். கண்ணாடிக் குடுவையில் உள்ளங்கை அளவு இலையுடன் தொங்கும் அச்செடி, தோட்டத்து மரத்தில் உயரமாக ஏறினால் முழ நீளத்துக்கும் மேலான, ஓரம் பிளந்த இலைகளை விடுகின்றது.

அரிய வகைகளும் ஒத்த தோற்றமுடைய செடிகளும்

அல்போ எனப்படும் வகையில் இலையின் சில பகுதிகள் தூய வெண்மையாக இருக்கும். ஒரே தண்டில் பச்சையம் உள்ள திசுவும் பச்சையம் இல்லாத திசுவும் கலந்திருப்பதே இதற்குக் காரணம். இவ்வமைப்பு நிலையற்றது, புதிய தளிர் முழுப் பச்சையாகவோ முழு வெள்ளையாகவோ மாறிவிடக்கூடும். முழு வெள்ளைத் தளிர் தனக்கான உணவைத் தயாரிக்க இயலாது. தாய் கான்ஸ்டலேசன் என்னும் வகை தாய்லாந்தில் திசு வளர்ப்பின் வழி உருவானது. இதன் பாலேட்டு நிறப் புள்ளிகள் ஒப்பீட்டளவில் நிலையானவை. திசு வளர்ப்பின் வழி பெருமளவில் உற்பத்தி தொடங்கிய பின் இதன் விலை வெகுவாகக் குறைந்தது.

ராபிடோபோரா டெட்ராசுபெர்மா என்னும் செடி சிறிய மொன்ஸ்டெரா எனத் தவறாக அழைக்கப்பட்டு விற்கப்படுகின்றது. இது தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளைத் தாயகமாகக் கொண்ட வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது. ஒன்பது இலைகளே கொண்ட, வெண்திட்டு உடைய இச்செடி ஒன்று 2021 இல் நியூசிலாந்தில் இணைய ஏலத்தில் 27,100 நியூசிலாந்து டாலருக்கு விற்பனையானது.

இதே ராபிடோபோரா பேரினத்தைச் சேர்ந்த ராபிடோபோரா பெர்டூசா தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் மரங்களைப் பற்றி வளரும் இக்கொடியின் இலைகளும் பிளவுகளும் துளைகளும் கொண்டவை. பெர்டூசா என்பதற்கே துளையுடையது என்பது பொருள். கடல் கடந்த நாடுகளிலிருந்து பெரும் விலை கொடுத்து வருவிக்கப்படும் இலையழகு நமது மலைகளிலும் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை.

எனினும் இதனைக் காட்டிலிருந்து பறித்து வருதல் தகாது. திருப்பூர் மாவட்டத்தின் உடுமலைப்பேட்டை, அமராவதி வனச்சரகங்கள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. காப்பகத்தினுள் செடிகளை அனுமதியின்றி எடுப்பது சட்டப்படி குற்றம் ஆகும். வெளிநாட்டிலிருந்து செடிகளை வருவிப்பதற்கும் 2003 ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணையின்படி இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை.

திருப்பூர் வட்டாரத்தின் சூழல்

திருப்பூர், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவமழை இங்குக் குறைவாகவே பெய்கின்றது. ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கின்றது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பலத்த காற்று வீசுகின்றது. உடுமலைப்பேட்டை, பல்லடம், தாராபுரம் பகுதிகளில் காற்றாலைகள் நிறைந்திருப்பதற்கு இக்காற்றே காரணம். ஆலைகளை இயக்கும் இதே காற்று, பெரிய இலைகளிலிருந்து நீரை விரைவாக உறிஞ்சி ஓரங்களைக் கருகச் செய்கின்றது.

அடுத்தது நீர். கடினப் பாறைகள் நிறைந்த இவ்வட்டாரத்தில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் இயல்பாகவே கடினத்தன்மை கொண்டது. இதனுடன் சாயத் தொழிலின் உப்பும் சேர்ந்தது. பருத்திப் பின்னலாடைக்குச் சாயமேற்றும்போது, சாயம் நூலில் ஏறுவதற்காகச் சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ பெருமளவில் சேர்க்கப்படுகின்றது. சாயம் துணியில் தங்குகின்றது. உப்பு கழிவுநீரில் வெளியேறுகின்றது. பல ஆண்டுகள் இக்கழிவுநீர் நொய்யல் ஆற்றில் கலந்தது. 1992 இல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறி, கீழ்ப்பகுதி உழவர்களைப் பாதித்தது. கழிவுநீரை அறவே வெளியேற்றாத முறையைக் கடைப்பிடிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2006 இல் ஆணையிட்டது. அது நிறைவேறாததால் 2011 சனவரியில் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதன் பின் சுத்திகரிப்பு முறைகள் மேம்பட்டாலும், மண்ணிலும் நிலத்தடி நீரிலும் சேர்ந்த உப்பு எளிதில் நீங்குவதில்லை.

பராமரிப்பு

நீர்

இவ்வட்டாரத்தில் செடியின் வளர்ச்சியை முதலில் முடிவு செய்வது நீரின் தரமே. நீரில் கரைந்துள்ள மொத்த உப்பின் அளவை லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் காட்டும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுகோலின்படி குடிநீரில் இது 500 வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கப்படுகின்றது. ஆனால் மனிதர் குடிக்கத்தக்க நீரெல்லாம் தொட்டிச் செடிக்கு ஏற்றதாகாது. தொட்டியிலிருந்து நீர் ஆவியாகும், இலைவழி வெளியேறும். உப்போ உள்ளேயே தங்கும்.

எடுத்துக்காட்டாக, 1,000 மில்லிகிராம் உப்புள்ள நீரை வாரம் ஒரு லிட்டர் வீதம் ஊற்றி, அடியில் நீர் வடியவே விடாமல் இருந்தால், ஓராண்டில் அத்தொட்டியில் 52 கிராம் உப்பு சேரும். வேரைச் சுற்றி உப்பு மிகும்போது, ஈரம் இருந்தும் வேரால் நீரை உறிஞ்ச இயலாது. இலை நுனியும் ஓரமும் பழுப்பாகிக் கருகும். இதனை நீர்ப் பற்றாக்குறை எனக் கருதி மேலும் உப்பு நீரை ஊற்றினால் நிலைமை மோசமாகும். தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெண்ணிறப் படிவு தோன்றுவது இதற்கான அடையாளம்.

பின்வரும் முறைகள் பயன் தரும்:

1. மழைநீர் மிகச் சிறந்தது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். 10 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 250 லிட்டர் விழுகின்றது. சில செடிகளுக்கு இது பல மாதங்களுக்குப் போதும். முதல் மழையில் தூசி கலந்து வருவதால் அதனை வடியவிட்டுப் பின் சேமிக்க வேண்டும். கொசு புகாதவாறு மூடி வைக்க வேண்டும்.
2. நல்ல தண்ணீர் என மக்கள் வழங்கும் ஆற்றுக் குடிநீர், உப்புத் தண்ணீர் எனப்படும் ஆழ்துளைக் கிணற்று நீரைவிட ஏற்றது.
3. இரண்டையும் கலந்தும் பயன்படுத்தலாம். 1,500 மில்லிகிராம் உப்புள்ள நீர் ஒரு பங்கும், 100 மில்லிகிராம் உள்ள நீர் மூன்று பங்கும் கலந்தால் 450 மில்லிகிராம் உள்ள நீர் கிடைக்கும்.
4. குளிர்பதனப் பெட்டியிலிருந்து (ஏசி) சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. அதனையும் சேமித்துக் கலக்கலாம்.
5. மாதம் ஒருமுறை, உப்புக் குறைந்த நீரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல் இருமடங்கு மெதுவாக ஊற்றி, அடியில் முழுவதும் வடியவிட வேண்டும். இது சேர்ந்த உப்பைக் கழுவி அகற்றும்.

வீட்டுச் சுத்திகரிப்புக் கருவி (ஆர்.ஓ.) வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு செறிந்திருக்கும், அதனை ஊற்றலாகாது. கடினத்தன்மையை நீக்கும் சாப்ட்னர் கருவி கால்சியத்தை அகற்றி அதற்கு ஈடாகச் சோடியத்தைச் சேர்ப்பதால், அந்நீரும் செடிக்கு உதவாது. நீரை ஓரிரவு திறந்து வைத்தால் குளோரின் ஓரளவு நீங்கும், உப்பு நீங்காது. கொதிக்க வைப்பதால் கடினத்தன்மையின் ஒரு பகுதி மட்டுமே குறையும்.

மேல்மண் 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழம் வரை காய்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும். இதனை விரலால் தொட்டோ, தொட்டியைத் தூக்கி எடை பார்த்தோ அறியலாம். இத்தனை நாளுக்கு ஒருமுறை என்னும் கணக்கு பொருந்தாது. சித்திரையில் நான்கு நாளில் காயும் தொட்டி, ஐப்பசி மழையில் இரண்டு வாரம் ஈரமாக இருக்கக்கூடும்.

வளர்ப்பு ஊடகம்

இச்செடியின் வேருக்கு ஈரமும் காற்றும் ஒருங்கே வேண்டும். வயல் மண்ணோ களிமண்ணோ தனியாக ஏற்றதன்று. காங்கேயம், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சிப் பகுதிகளில் பெருமளவில் உற்பத்தியாகும் தென்னை நார்க்கழிவு (கோகோ பீட்) எளிதில் கிடைப்பது. ஆனால் இதில் பொட்டாசியம், சோடியம் ஆகியவற்றின் குளோரைடு உப்புகள் இயல்பாகவே உள்ளன. ஆகவே நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிவதை மூன்று முறையேனும் செய்ய வேண்டும். பிழிந்த நீரை உப்பு அளக்கும் கருவியால் சோதித்து, அது ஊற்றிய நீரின் அளவை நெருங்கும் வரை கழுவுவது நலம். கழுவிய நார்க்கழிவை நீர்த்த கால்சியம் நைட்ரேட்டுக் கரைசலில் ஓரிரவு ஊறவைத்து மீண்டும் அலசினால், ஒட்டியிருக்கும் சோடியமும் வெளியேறும்.

கழுவிய நார்க்கழிவு நான்கு பங்கு, சிறு கரித்துண்டுகளும் உடைத்த செங்கல் சல்லியும் நான்கு பங்கு, மண்புழு உரம் இரண்டு பங்கு என்னும் கலவை பொருத்தமானது. தொட்டியின் அடியில் வடிகால் துளைகள் இருத்தல் இன்றியமையாதது.

ஒளி

நேரடி வெயில் படாத, வெளிச்சமான இடம் தேவை. நண்பகலில் செடி இருக்குமிடத்தில் கையை நீட்டினால் மென்மையான, மங்கிய விளிம்புள்ள நிழல் விழ வேண்டும். விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் வெயில் மிகுதி. நிழலே விழாவிட்டால் ஒளி போதாது. கிழக்குச் சன்னலின் காலை வெயில் நல்லது. பங்குனி முதல் வைகாசி வரை மேற்குச் சன்னலின் வெயில் இலையைச் சுட்டுவிடும். மொட்டை மாடியில் வைப்பதாயின் நிழல்வலைக்கு அடியில் வைக்க வேண்டும். ஒரே சன்னல் உள்ள லைன் வீடுகளில் சன்னலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால்கூட ஒளி வெகுவாகக் குறைந்துவிடும். பிளவில்லாத சிறிய இலைகள் தோன்றுவதற்கு இதுவே பொதுவான காரணம். வெண்திட்டு வகைகளில் பச்சையம் குறைவாதலால் அவற்றுக்குக் கூடுதல் ஒளி வேண்டும். எனினும் வெண்பகுதி வெயிலில் விரைவில் கருகும்.

வெப்பநிலை, காற்று ஈரப்பதம்

18 முதல் 30 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலை ஏற்றது. 35 பாகைக்கு மேல் வளர்ச்சி தளர்கின்றது. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது நன்று. செடிகளை ஒன்றாகக் கூட்டி வைப்பதும், கூழாங்கல்லும் நீரும் உள்ள தட்டின் மேல் தொட்டியை வைப்பதும் ஓரளவு உதவும். உப்பு நீரை இலையில் தெளித்தால் வெண்புள்ளிகள் படியும். ஆடிக்காற்றுக் காலத்தில் காற்று நேரே மோதாத மறைவிடத்துக்கு மாற்றுதல் வேண்டும்.

தாங்குகோல்

ஏறுவதற்குப் பிடி கிடைத்தால்தான் இலைகள் பெரிதாகிப் பிளவுபடும். கயிறு சுற்றிய உலர்ந்த கோல் தண்டைத் தாங்குமேயன்றி வேருக்கு ஈரம் தராது. வலைக்குழாயினுள் கழுவிய நார்க்கழிவை நிரப்பி, மேலிருந்து நீர் ஊற்றி ஈரமாக வைத்திருப்பது சிறந்தது. தண்டில் காற்று வேர் தோன்றும் பக்கம் கோலை நோக்கியிருக்குமாறு கட்ட வேண்டும். கட்டுவதற்குக் கம்பி, நைலான் ஆகியவற்றைவிடப் பனியன் துணியின் வெட்டுக்கழிவு நாடா ஏற்றது. பின்னல் துணி இழுத்தால் நீள்வதால், தண்டு பருக்கும்போது அதனை இறுக்கி அறுப்பதில்லை.

உரம்

தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் வீதம், செடி தளிர்விடும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளிக்கலாம். உரமும் ஓர் உப்பே என்பதை மறத்தலாகாது. நுனி கருகும் செடிக்கு முதலில் தொட்டியைக் கழுவிவிட்டு, புதிய தளிர் வந்த பின்னரே உரமிட வேண்டும்.

இனப்பெருக்கம்

கணுவும், இயன்றால் காற்று வேரும் உள்ள தண்டுத் துண்டை வெட்டி, நீரிலோ ஈரமான நார்க்கழிவிலோ வைத்தால் வேர்விடும். கணு இல்லாத இலையும் காம்பும் நீரில் பல வாரங்கள் பசுமையாக இருக்கலாம். புதிய செடியாக வளராது. அல்போ வகையில் தண்டில் வெண்கோடு உள்ள கணுவைத் தேர்தல் வேண்டும். வெண்திட்டு இவ்வகையில் விதை வழி கடத்தப்படுவதில்லை. விதைகள் உலரவைத்துச் சேமிக்கத் தக்கனவும் அல்ல. எனவே இணையத்தில் உலர்விதைப் பொட்டலமாக விற்கப்படும் வெண்திட்டு மொன்ஸ்டெரா விதைகளை நம்பிப் பணம் செலுத்தலாகாது.

நோய்களும் பூச்சிகளும்

மஞ்சளான கீழிலை, மெத்தென்ற தண்டடி, கெட்ட வாடை ஆகியவை வேரழுகலின் அறிகுறிகள். அழுகிய வேர்களை வெட்டி நீக்கிப் புதிய கலவையில் நட வேண்டும். வறண்ட காற்றுக் காலத்தில் சிலந்திப்பேன் பெருகும்; இலையடியில் நுண்ணிய வலையும் மேற்புறத்தில் வெளிறிய புள்ளிகளும் தோன்றும். இலைப்பேன் தாக்கினால் இலையில் வெள்ளிநிறத் தழும்புகள் உண்டாகும். காம்பின் இடுக்குகளில் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் தங்கும். ஈரத்துணியால் இலையின் இருபுறமும் துடைத்து, லிட்டர் நீருக்கு 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் வாரம் ஒருமுறை தெளிக்கலாம். புதிதாக வாங்கிய செடியை மூன்று வாரமேனும் தனித்து வைத்த பின்னரே பிற செடிகளுடன் சேர்க்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

சேம்பு
மணி பிளான்ட்
தென்னை நார்க்கழிவு
மழைநீர் சேகரிப்பு
நொய்யல் ஆறு
ஆனைமலைப் புலிகள் காப்பகம்